துடுப்பிலிருந்து ஹைட்ராலிக் வரை: அவுட்போர்டு படகின் ஸ்டியரிங்கும் ஒகேனக்கல் பரிசலும்

முன்னுரை

பின்புறம் வெளியே எஞ்சின் பொருத்திய அவுட்போர்டு படகின் ஸ்டியரிங்கைச் சுக்கானின் வாரிசாகக் கருதுவது வழக்கம். அதன் இயக்கத்தை ஆராய்ந்தால், அது துடுப்பின் வழிவந்தது என்றே கொள்ள வேண்டியுள்ளது. இதற்கு, காவிரியில் ஓடும் ஒகேனக்கல் பரிசல் தெளிவான சான்று.

பரிசலின் இயக்கம்

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம், சுக்கான் எதுவும் கிடையாது. மூங்கில் பிளாச்சில் பின்னிய வட்டக் கூடை அது. முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். பரிசல்காரர் துடுப்பை முன்னே ஊன்றித் தன் பக்கம் இழுக்கிறார். இழுப்பை இடமும் வலமும் மாற்றித் திசையைப் பிடிக்கிறார். கை ஓய்ந்தால் பரிசல் சுழலும்.

1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், ஆனெகுந்தித் துறையில் தோல் போர்த்திய வட்டப் படகுகள் நேராகச் செல்லாமல் சுழன்றதைப் பதிவு செய்தார். அதற்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, பாபிலோனின் வட்டப் படகுகளில் ஒருவர் துடுப்பை இழுக்க மற்றவர் தள்ளியதை ஹெரோடோட்டஸ் எழுதியிருந்தார். சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1933இல் தென்னிந்தியப் பரிசல்கள் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார்.

எஞ்சினும் கேபிளும்

1909இல் அமெரிக்காவின் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு எஞ்சினிலும் தனிச் சுக்கான் இல்லை. கைப்பிடியைத் திருப்பினால் எஞ்சினும் விசிறியும் சேர்ந்து திரும்பும். விசிறி தள்ளும் திசையே படகின் திசையை முடிவு செய்யும். ஆக்சிலேட்டரைக் குறைத்தால் திருப்பும் வலுவும் குறையும். துடுப்பு ஓய்ந்த பரிசலின் நிலையும் இதுதான்.

குதிரைத்திறன் கூடி, ஓட்டுநர் இருக்கையும் முன்னே நகர்ந்தபோது கைப்பிடி போதவில்லை. முதலில் கப்பிகளில் ஓடிய கயிறு, பிறகு கேபிள். 1896இல் எர்னஸ்ட் பவுடன் காப்புரிமை பெற்ற கம்பி முறை சைக்கிள் பிரேக்கில் இழுக்க மட்டுமே செய்யும். படகு கேபிளோ தள்ளவும் வேண்டும் என்பதால் அதன் உள்கம்பி தடித்தது. விலை மலிவு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் வளைவு கூடினால் உராய்வு கூடும். கேபிளின் முனைத்தண்டு செல்லும் குழாயில் உப்பேறித் துருப்பிடித்தால் ஸ்டியரிங் இறுகிவிடும்.

ஹைட்ராலிக்

1795இல் ஜோசப் பிராமா அழுத்த எந்திரத்தில் பயன்படுத்திய பாஸ்கல் விதியே ஹைட்ராலிக் ஸ்டியரிங்குக்கும் அடிப்படை. ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னுள்ள பம்பு ஆயிலை ஹோஸ் வழியே தள்ள, சிலிண்டர் எஞ்சினைத் திருப்புகிறது. விசிறியின் சுழற்சி எஞ்சினை ஒரு பக்கமாக இழுத்தாலும், ஒருவழி வால்வுகள் அந்த இழுப்பைச் சக்கரத்துக்கு எட்டவிடாமல் தடுக்கின்றன. ஆகவே 150 குதிரைத்திறனையொட்டியும் அதற்கு மேலும் ஹைட்ராலிக்கையே பரிந்துரைக்கிறார்கள். ஆயில் கசிந்தாலோ காற்று புகுந்தாலோ சக்கரம் தளர்ந்துபோகும்.

முடிவுரை

இந்த வரிசையில் பின்னால் வந்தது எல்லா நீருக்கும் சிறந்ததாகிவிடாது. ஒவ்வொரு மாற்றமும் கைக்கும் நீருக்கும் இடையே ஒரு கருவியைக் கூட்டியது. பாரம் குறைந்தது, நீரின் இழுப்பைக் கை நேரடியாக உணர்வதும் குறைந்தது. பாறையும் ஆழமின்மையும் நிறைந்த ஒகேனக்கல்லில் விசிறி சிக்கும், தட்டையடிப் பரிசல் கடக்கும். கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் நீர் திறந்து, தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் வரத்து உயர்ந்தால் பரிசல் ஓட்டத் தடை வருவது, பரிசலுக்கும் எல்லை உண்டு என்பதைக் காட்டுகிறது. பரிசல்காரர்களின் துடுப்பு வீச்சை அளந்து பதிவு செய்வதும், படகுப் பொறியியல் பாடத்தில் அதற்கு இடமளிப்பதும் நம் ஆய்வுலகின் கடமை.