விஞ்ஞானத் தரவு நூலகமும் பைதன் இடைமுகமும்: ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் வளர்ச்சியையே விரித்துரைப்பர். அப்பொறிகள் ஈட்டிய தரவுகள் எவ்வடிவிற் பேணப்பட்டன, பின்வந்தோர் அவற்றை எவ்வாறு வாசித்தனர் என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. எச்.டி.எவ். எனச் சுருக்கமாக வழங்கும் படிநிலைத் தரவு வடிவத்தினதும் அதற்குரிய நூலகத்தினதும் கதை இக்குறையை ஓரளவு நிரப்பக்கூடியது. ஈண்டு நூலகம் என்றது புத்தகசாலையை அன்று. பிற செய்நிரல்கள் வேண்டும்போது அழைத்துப் பயன்படுத்தத்தக்க கட்டளைத் தொகுதியையே கணனித்துறையினர் அவ்வாறு வழங்குவர்.

1986இல் ஐக்கிய அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் மீக்கணனிப் பிரயோகங்களுக்கான தேசிய நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆய்வாளர் கிறே மீக்கணனியிற் கணித்தனர். பெறுபேற்றை மக்கின்ரொஷ் போன்ற சிறு பொறியின் திரையிற் படமாகக் காண விரும்பினர். இங்குதான் இடர் தோன்றியது. கிறே தனக்கேயுரிய முறையில் எண்களை எழுதிற்று. சிறு பொறிகள் வேறு முறையைப் பின்பற்றின. ஒரு பொறியில் எழுதிய எண்ணை மற்றையது அப்படியே வாசித்தால் கிடைப்பது முற்றிலும் வேறோர் எண். 1987இல் அந்நிலையத்தைச் சேர்ந்த குழுவொன்று பொறிச்சார்பற்ற கோப்பு வடிவமொன்றை ஆக்க முற்பட்டது. கோப்பு தன்னைத் தானே விளக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. எண்களோடு அவற்றின் வகை, பரிமாணம், பெயர், அலகு ஆகியனவும் அதே கோப்பினுள் இடம்பெறும்.

நாசா நிறுவனம் புவி அவதானிப்புத் திட்டத்துக்கு இவ்வடிவத்தையே தெரிந்தெடுத்தது. 1999 டிசெம்பரில் ஏவப்பட்ட ரெறா செய்மதியின் தரவுகள் இதன் நான்காம் பதிப்பிற் பேணப்பட்டன. ஆனால் அப்பதிப்பில் ஒரு கோப்பு 2 கிகாபைற்றை விஞ்ச முடியாது. அதில் அடங்கும் பொருள்களும் 20,000 வரையிலேயே அமையலாம். இத்தளைகளை நீக்கி 1998இல் எச்.டி.எவ்.5 வெளியாயிற்று. லிவர்மோர், லொஸ் அலமொஸ், சண்டியா ஆகிய தேசிய ஆய்வுகூடங்களின் ஆதரவு இதற்கு இருந்தது. அமெரிக்கா அணுவாயுதப் பரிசோதனை வெடிப்புகளை 1992இல் நிறுத்திய பின்னர் அவ்வாய்வுகூடங்கள் கணிப்பு முறையையே பெரிதும் நாடின. தீங்கற்றதாய்த் தோன்றும் கோப்பு வடிவமொன்றின் பின்னால் இத்தகைய தேவையும் நின்றமை மறக்கற்பாலதன்று.

வரலாற்றை இவ்வளவில் முடித்துவிடுதல் வழக்கம். ஆயினும் பொதுவடிவம் தோன்றியமை வேறு, அதனை எல்லோரும் வாசிக்க முடிந்தமை வேறு. எச்.டி.எவ்.5 நூலகம் சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழி வழியாக ஓர் அட்டவணையை வாசிப்பதற்குக் கோப்பைத் திறந்து, தரவுத்தொகுதியைத் திறந்து, பரிமாணங்களைக் கேட்டறிந்து, நினைவகத்தில் இடம் ஒதுக்கி, வாசித்து, ஈற்றில் திறந்தவற்றை ஒவ்வொன்றாக மூடவேண்டும். செய்நிரலாளனுக்கு இது இயல்பு. வானிலையையோ கடலையோ ஆராய்பவனுக்குப் பெருஞ்சுமை. தரவு பொதுவுடைமையாய் இருந்தபோதும் அதன் வாயில் சிலருக்கே திறந்திருந்தது எனலாம்.

அவ்வாயிலை அகலத் திறந்தது பைதன் என்னும் கட்டளை மொழி. கைடோ வான் ரொசம் ஆம்ஸ்ரடாமில் ஆக்கிய இம்மொழி 1991இல் வெளியாயிற்று. ஒரு வரியைத் தட்டியதும் விடை தருவது இதன் சிறப்பு. எனினும் பேரளவான எண் அணிகளைக் கையாளும் ஆற்றல் இதற்குத் தொடக்கத்தில் இருக்கவில்லை. ஜிம் ஹியூகுனின் 1995இல் தொடங்கிய நியூமெரிக்கும், அதன் வழியில் ட்ராவிஸ் ஒலிபன்ற் உருவாக்கி 2006இல் முதற்பதிப்புக் கண்ட நம்பையும் அவ்வாற்றலை அளித்தன. பிரான்செஸ்க் அல்ற்றெட் 2002இல் வெளியிட்ட பைரேபிள்ஸ் எச்.டி.எவ்.5 கோப்புகளைப் பைதனுக்குள் கொணர்ந்தது. 2008இல் அன்ட்ரூ கொலெற் எச்5பை என்னும் இடைமுகத்தை வெளியிட்டார். முன்னையது தனக்கென ஒரு தரவுத்தள முறையை வகுத்துக்கொண்டது. பின்னையதோ கோப்பில் உள்ளதை உள்ளவாறே காட்ட முயன்றது. சி மொழியில் ஒரு பக்கத்தை நிரப்பும் வேலை இதில் இரண்டே வரிகளுள் அடங்கிற்று. தொகுதியின் பெயரைச் சதுர அடைப்புக்குள் இட்டுப் பெறும் பொருளிலிருந்து வேண்டிய பகுதியை வெட்டியெடுத்தால் அது நம்பை அணியாகக் கிடைக்கும்.

எனினும் போட்ரான் மொழியில் எழுதப்பட்ட கோப்பைப் பைதனில் திறந்தவர் ஒரு புதுமையைக் கண்டனர்: நிரைகள் நிரல்களாகவும் நிரல்கள் நிரைகளாகவும் மாறியிருந்தன. போட்ரான் அணியை நிரல்வழியும் சி நிரைவழியும் அடுக்குவதே இதற்குக் காரணம்.

பயன்படுத்துவது இவ்வாறு இலகுவாயினும் நிறுவுவது நெடுங்காலம் இலகுவாகவில்லை. இப்பகுதி வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. பயனாளரின் காலத்தைப் பெரிதும் விழுங்கியதோ இதுவே. முதலிற் சி மொழித் தொகுப்பி வேண்டும், அடுத்து எச்.டி.எவ்.5 நூலகமும் அதன் தலைப்புக் கோப்புகளும் வேண்டும்; பின் நம்பை வேண்டும். இவை யாவும் அமைந்த பின்னரே எச்5பை தொகுக்கப்படும். நூலகம் வழமையான இடத்தில் இல்லையெனின், அஃது உள்ள இடத்தைச் சூழல் மாறியொன்றின் மூலம் அறிவிக்கவேண்டும். எப்பதிப்பின் தலைப்புக் கோப்புகளைக் கொண்டு தொகுக்கப்பட்டதோ, அதனோடு பொருந்தும் நூலகமே இயக்கத்தின்போதும் கிடைக்கவேண்டும். பொருந்தாவிடின் நூலகம் எச்சரிக்கையொன்றை அச்சிட்டுச் செய்நிரல் முழுவதையும் நிறுத்திவிடும். இது கொடுமையெனத் தோன்றினும் காரணமற்றதன்று. பொருந்தா நூலகம் தரவைச் சிதைத்துவிடலாம். சிதைந்த தரவிலும் நின்றுபோன செய்நிரல் மேல். ஆயினும் பொதுக்கணனியில் நிருவாக உரிமையற்ற மாணவனுக்கு இந்நியாயம் ஆறுதலாய் இருந்திராது.

2012இல் தோன்றிய கொண்டா, வேண்டிய நூலகங்கள் அனைத்தையும் முன்னரே தொகுத்து ஒருங்கே வழங்கிற்று. 2016இல் லினக்சு முறைமைகளுக்குப் பொதுவான பொதி விதிகள் வகுக்கப்பட்டன. அதன்பின் பிப் என்னும் நிறுவற் கருவிக்கு இடும் ஒரே கட்டளை, எச்5பையோடு அதற்குரிய நூலகப் பிரதியையும் சேர்த்தே கொணர்ந்தது. இத்தீர்வும் குறையற்றதன்று. ஒரே செய்நிரலினுள் எச்5பையும் வேறோர் இடைமுகமும் தத்தம் நூலகப் பிரதிகளைக் கொணரும்போது முரண்பாடுகள் எழுந்தன.

2016 பெப்ரவரி 11ஆந் திகதி லைகோ ஆய்வுக் கூட்டமைப்பினர் ஈர்ப்பலையைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். 2015 செப்ரெம்பர் 14இல் ஹான்பேட், லிவிங்ஸ்ரன் ஆகிய இரு நிலையங்களிலும் பதிவான சமிக்ஞை எச்.டி.எவ்.5 கோப்புகளாகப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது. செக்கனுக்கு 4,096 எண்கள் வீதம் 32 செக்கன், அதாவது நிலையமொன்றுக்கு 131,072 எண்கள். அவற்றோடு வெளியான பைதன் செய்முறை விளக்கம் எச்5பை கொண்டே கோப்பைத் திறந்தது. இடைமுகத்தை நிறுவி முடித்த எந்த மாணவனும் அவ்வெண்களைத் தன் மேசையிலேயே வரைந்து பார்க்க முடிந்தது.