மடை திறந்தால்தான் வயல் விளையும்



"படிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் படிக்கும், தேர்வு முறையைக் குறை சொல்லாதே"ன்னு எதிரணித் தம்பி முழங்கிட்டுப் போனார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வரலாறு அப்படிச் சொல்லலையே நடுவர் அவர்களே!

1978க்கு முன்னால் நம்ம தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிஞ்சுது. எஸ்.எஸ்.எல்.சி. அடுத்தது பி.யு.சி. ஒரு வருஷம். அது பள்ளிக்கூடத்தில் இல்லை, கல்லூரியில். கல்லூரி இருந்தது டவுனில். அதுவரை தமிழில் கணக்குப் போட்ட பிள்ளை, அங்கே பெரும்பாலும் இங்கிலீஷில் பாடம் கேட்கணும். இங்கிலீஷ் புரிய ஆரம்பிக்கும்போது வருஷமே முடிஞ்சிடும்! (சிரிப்பு)

எங்க அக்கா 1975ல எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். வகுப்பிலேயே முதல் மார்க். பி.யு.சி.க்கு டவுனுக்குப் போய் ஹாஸ்டலில் தங்கணும். "வயசுப் பொண்ணைத் தனியா அனுப்பறதா?"ன்னு அப்பா கேட்டார். அதோடு படிப்பு முடிஞ்சுது. அவளுக்கு உழைப்பு இல்லையா? அறிவு இல்லையா? எதிரணி பதில் சொல்லட்டும்! (கைதட்டல்)

1978ல மேல்நிலைக் கல்வி வந்தது. பத்து வருஷம், அதுக்கு மேல ரெண்டு வருஷம். 1980ல முதல் பிளஸ் டூ பரீட்சை. பின்னால எங்க ஊர்ப் பள்ளியும் மேல்நிலைப் பள்ளியாச்சு. என் தங்கை வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கிட்டே, தமிழிலேயே பிளஸ் டூ முடிச்சா. அப்புறம் கல்லூரிக்கு டவுனுக்குத்தானே போகணும்னு கேட்பீங்க. பதினாறு வயசில் அனுப்பப் பயந்த அதே அப்பா, மார்க் ஷீட்டோட நின்ன பதினெட்டு வயசுப் பொண்ணைத் தானே பஸ் ஏத்திவிட்டார். மாறினது பிள்ளையா, முறையா?

1984ல மருத்துவம், பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. சீட்டு கொஞ்சம், ஒரே மார்க்கில் நிக்கிறவங்க நிறைய. அதனால அதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனா பயிற்சி வகுப்பு நடந்தது நகரத்தில், பணம் கட்டினவங்களுக்கு. 2005லேயே தேர்வை எடுக்கப் பார்த்தாங்க, நீதிமன்றத்தில் நிக்கலை. 2006ல புதுச் சட்டம் போட்டு, 2007ல நுழைவுத் தேர்வு போச்சு. 2010ல முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகையும் வந்தது.

முறையை மாத்தினா எல்லாம் சரியாயிடுமான்னா, இல்லை. அதையும் ஒத்துக்கறேன். பிளஸ் டூ மார்க்கே எல்லாம்னு ஆனதும், சில பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை மூட்டை கட்டிட்டு ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே மனப்பாடம் பண்ண வெச்சாங்க. அதனால 2017ல ராங்க் பட்டியலை நிறுத்தினாங்க. 2018ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. அந்தப் பொதுத் தேர்வு பிள்ளைகளுக்குச் சுமைன்னு 2025ல அதை எடுத்துட்டாங்க. 1200 மார்க்கும் 600 ஆச்சு.

இதுக்கு நடுவில், 2017 முதல் மருத்துவத்துக்கு நீட். பயிற்சி மையம் மறுபடி வாசலில் நின்னுது. அப்போ அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பின்தங்கினாங்க. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு 2020ல ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தப்புறம்தான், கூலி வேலை பார்க்கிறவங்க வீட்டுப் பிள்ளைகள் பலர் மருத்துவக் கல்லூரிக்குள்ள நுழைஞ்சாங்க. ஒரே வருஷத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு மூளை வளர்ந்துடுச்சா நடுவர் அவர்களே? (பலத்த கைதட்டல்)

உழைப்பு வேண்டாம்னு எங்க அணி சொல்லலை. நாத்து எவ்வளவு செழிப்பா இருந்தாலும் மடை திறக்கலைன்னா வயல் விளையாது. காய்ஞ்ச பயிரைப் பார்த்து "நீ சரியா வளரலை"ன்னு திட்டறது நியாயமா? நல்ல தீர்ப்புச் சொல்லுங்கள்.