உட்காராத பெண்கள்

முதுகலை முடித்து ஆய்வில் சேர்வதற்கு முன்பு எட்டு மாதம் நான் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். மூன்று தலைமுறையாக நடந்த கடை. பக்கத்து ஊர்களில் கிளைகளும் இருந்தன. கங்கைகொண்டானிலிருந்து காலை பாசஞ்சரில் போவேன். ஒன்பதரைக்குக் கடைக்குள் இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு விடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் நிற்க வேண்டும். ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் நிற்க வேண்டும். சேலை அடுக்கிய அலமாரியில் முதுகு சாய்ந்தால் சம்பளத்தில் பத்து ரூபாய் பிடித்தம். திரும்பும் பேருந்தில் இடம் கிடைத்த நாட்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அவ்வளவு குறைவு.

முதல் வாரம் என் கணுக்கால் வீங்கியதைப் பார்த்துப் பட்டுப் பிரிவு அக்கா சொன்னாள்: "ஏட்டி, ரெண்டு காலையும் ஒண்ணா ஊனாத. ஒண்ணு மாத்தி ஒண்ணு ஊனு. மாசத் தேதி வந்தா முந்தின நாளே சொல்லு, கீழ்மாடி வேல கேட்டு வாங்கித் தாரேன்." கழிப்பறை கீழ்மாடியில்தான் இருந்தது. அந்தக் கடையில் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி அதுதான். அவள் அப்போதே ஒன்பது வருடம் நின்றிருந்தாள். நான் எட்டு மாதத்தில் வெளியே வந்தேன். அவள் இன்னும் பல ஆண்டுகள் அங்கே நின்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தக் கடை மூடப்பட்டது. ஊரில் எல்லோருக்கும் வருத்தம். எனக்கும்தான். என் அம்மாவின் கல்யாணச் சேலை அங்கே எடுத்தது. நிறுவியவரின் உழைப்பு, பேரன்மாரின் பாகப்பிரிவினை, புறவழிச்சாலைப் பக்கம் வந்த பெரிய கடைகள், செல்பேசியில் சேலை வாங்கும் புது வழக்கம் என்று மாதக்கணக்கில் பேசினார்கள். சேலையை விரித்துக் காட்டிய கைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒரு பெரிய கடை விழும்போது யாருடைய கதை எழுதப்படுகிறது என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் வந்தது. விடை தேடிப் போனபோது, தமிழ்நாட்டில் விழுந்த கடைகளிலேயே பெரிய கடையில் போய் நின்றேன்.

சென்னை மவுண்ட் ரோட்டில் சார்லஸ் டுரன்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தொடங்கிய கடை ஸ்பென்சர். நிறுவனம் தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது 1863. பின்னர் யூஜின் ஓக்ஷாட் கைக்கு வந்து, 1895-இல் அதே சாலையில் போக்ஸன் என்ற கட்டடக்கலைஞர் வரைந்த இந்தோ-சாரசெனிக் மாளிகைக்கு மாறியது. அதில் எண்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் இருந்தன. துணைக்கண்டத்தின் பல ஊர்களில் கிளைகள். திண்டுக்கல்லில் சுருட்டு, தன் பெயரிலேயே சோடா, சென்னையில் கன்னிமாரா ஓட்டல், ரயில் நிலையங்களில் சிற்றுண்டிச் சாலைகள். துரைக்கும் துரைசானிக்கும் தேவையான எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

அதன் வீழ்ச்சி ஒரே நாளில் நடக்கவில்லை. 1947-க்குப் பிறகு வாடிக்கையாளர்கள் கப்பலேறினார்கள். மதுவிலக்கு வந்தபோது மது வணிகம் போயிற்று. இறக்குமதிக் கட்டுப்பாடு அலமாரிகளைக் காலியாக்கியது. ரயில்வே தானே உணவகங்களை நடத்தத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் மாளிகை தீப்பிடித்து எரிந்தது. 1989-இல் ஆர்.பி.ஜி. குழுமம் நிறுவனத்தை வாங்கியது. எரிந்த இடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. சென்னைக்காரர்களுக்கு அதுதான் முதல் பெரிய வணிக வளாகம். 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்த பிறகு அதன் கூட்டமும் கலைந்தது. இதற்கிடையில் 1996-இல் ஃபுட்வேர்ல்டு என்ற பெயரில் மளிகைச் சங்கிலியாக மறுபிறவி எடுத்து, பிறகு பழைய ஸ்பென்சர் பெயருக்கே திரும்பியது. 2024-இல் ஆந்திரா, தெலங்கானா, டெல்லி வட்டாரக் கடைகளை மூடியது. சென்னையில் பிறந்த நிறுவனத்தின் கவனம் இன்று மேற்கு வங்கத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் இருக்கிறது.

இவ்வளவும் எளிதில் கிடைக்கிறது. சென்னை வரலாற்றாசிரியர் எஸ். முத்தையா ஸ்பென்சருக்கென்றே தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். நிறுவியவரின் பெயர், கட்டடம் வரைந்தவரின் பெயர், வாங்கிய குழுமத்தின் பெயர் எல்லாம் நமக்குத் தெரியும். மவுண்ட் ரோட்டு ஆங்கிலேயக் கடைகளில் தொப்பியும் கையுறையும் எடுத்துக் காட்டி விற்ற பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களில் பலர் ஆங்கிலோ-இந்தியப் பெண்கள். மற்றச் சமூகங்கள் பெண்ணை வேலைக்கு அனுப்பத் தயங்கிய காலத்தில் கடையிலும் தந்தி அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் சம்பளம் வாங்கியவர்கள். அதற்காகவே ஏளனமும் வாங்கியவர்கள். விடுதலைக்குப் பிறகு அவர்களின் குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டன. மாளிகையின் படம் இன்று நமக்கு ஏக்கம் தருகிறது. அந்த மாளிகைக்குள் நின்ற கால்களைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

கால்களைப் பற்றிக் கேட்ட ஊரும் உண்டு. ஸ்பென்சர் மாளிகை திறந்த நான்காம் ஆண்டில், 1899-இல், இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. கடையில் வேலை பார்க்கும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் காலத்து லண்டன் கடைப் பெண்களின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு அது வெளிநாட்டுக் கதையாகத் தோன்றவில்லை. முதலாளி தரும் விடுதியில் நெருக்கியடித்துத் தங்க வேண்டும். அவர் போடும் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். தொட்டதற்கெல்லாம் அபராதம். பதினான்கு வயதில் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த மார்கரெட் பாண்ட்ஃபீல்டு, பின்னாளில் கடை கடையாக வேலைக்குச் சேர்ந்து உள்ளே நடப்பதை ரகசியமாகக் குறித்து வெளியிட்டார். அவரே 1929-இல் பிரிட்டனின் முதல் பெண் அமைச்சரவை உறுப்பினராக, தொழிலாளர் அமைச்சராக ஆனார். 2010-இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தபோது, நம் பக்கத்துப் பிள்ளைகள் தியாகராய நகரில் எப்படித் தங்குகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துத் திரையரங்கில் அழுதோம். லண்டனில் நூறு ஆண்டுக்கு முன் ஒரு பெண் எழுதிக் காட்டியதும் ஏறக்குறைய அதுதான்.

தன் நாட்டுப் பெண்களுக்கு இருக்கை கொடுத்த அரசு, அதே நாட்டு முதலாளிகள் இங்கே நடத்திய கடைகளில் அதைக் கேட்கவில்லை. அது காலனி ஆட்சி. நம்முடைய ஆட்சி என்ன செய்தது? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44-ஆம் பிரிவில், நின்றபடி வேலை செய்யும் தொழிலாளிக்கு உட்கார வசதி செய்ய வேண்டும் என்று சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தம் 2021 செப்டம்பரில்தான் சட்டமன்றத்துக்கு வந்தது. இங்கிலாந்துக்கும் நமக்கும் இடையில் 122 ஆண்டுகள். நம் ஊர் ஆலைக்கும் நம் ஊர்க் கடைக்கும் இடையிலேயே 73 ஆண்டுகள். எங்கள் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஓர் ஆலைக்குள் போகும் பெண்ணுக்கு அவள் பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்திருந்த உரிமை, அதே பாசஞ்சரில் வந்து டவுன் கடைக்குப் போகும் அவள் தங்கைக்கு இல்லாமல் இருந்தது.

இந்தத் திருத்தமும் தானாக வந்ததல்ல. கோழிக்கோட்டில் தையல் வேலை செய்த பி. விஜி, கடைப் பெண்களைத் திரட்டிப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிய பெண்கள் கேட்டது அது. அடுத்துக் கேட்டது இருக்கை. திருச்சூரில் ஒரு துணிக்கடைப் பெண்கள் 2014, 2015-இல் நடத்திய உட்காரும் போராட்டம் அதன் உச்சம். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. மூன்று ஆண்டு கழித்துத் தமிழ்நாடு பின்தொடர்ந்தது.

ஆலையில் உட்காரலாம், கடையில் கூடாது என்பது எங்கிருந்து வந்தது? சங்க இலக்கியத்தில் பெண்கள் உப்பு விற்றார்கள், மீன் விற்றார்கள். மதுரைக்காஞ்சியின் தெருக்களில் முதிய பெண்கள் மணப்பொருளும் பூவும் விற்றார்கள். தன் பொருளைத் தான் விற்றவள் களைத்தபோது உட்கார்ந்திருப்பாள். இன்றும் பாளையங்கோட்டைச் சந்தையில் காய்கறிக்காரி உட்கார்ந்துதான் விற்கிறாள். நாம்தான் குனிந்து வாங்குகிறோம். ஜவுளிக்கடையும் முன்பு அப்படித்தான் இருந்தது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் கடைக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்து சேலையை உருட்டி விடுவார். எதிரே பாயில் என் ஆச்சியும் பெரியம்மாவும் உட்கார்ந்திருப்பார்கள். விற்றவர் ஆண், வாங்கியவர் பெண், இருவரும் தரையில். மெத்தையை எடுத்துவிட்டுக் கண்ணாடி மேசை போட்ட பிறகு விற்பவர் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. அந்த மேசைக்குப் பின்னால் நிற்கக் குறைந்த சம்பளத்துக்குப் பெண்களைக் கொண்டுவந்தார்கள். விற்பவர் ஆணாக இருந்தவரை உட்கார்ந்து விற்பது மரியாதைக் குறைவாக யாருக்கும் படவில்லை. பெண்ணை வைத்த பிறகுதான் அது சோம்பேறித்தனம் ஆயிற்று.

இதில் சாதிக்கும் பங்குண்டு. தாமிரபரணிக் கரை ஊர்களில் பண்ணையார் வீட்டு முற்றத்தில் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பது பிறப்பிலேயே முடிவான காரியம். நிற்பவர் கீழ், உட்கார்ந்தவர் மேல் என்று படித்த கண்களோடுதான் நாம் கடைக்குள் போகிறோம். வந்தவரை முதலாளியாக உணர வைப்பதற்கு ஒருத்தி நின்றாக வேண்டியிருக்கிறது. மாளிகைக் கடை கொண்டுவந்த மேசையும் நம் முற்றத்து வழக்கமும் ஒன்றுக்கொன்று நன்றாகப் பொருந்திப் போயின. ஸ்பென்சர் எரிந்து போனது. அதோடு ஒப்பிடும் அளவுக்கு நின்ற வொயிட்அவே லெய்ட்லா கடையின் மவுண்ட் ரோட்டு மாளிகை சுதேசமித்திரன் கைக்குப் போய், பிறகு வி.ஜி.பி. கடையானது. ரொக்கத்துக்கு மட்டுமே விற்றதாகப் பெயர் பெற்ற கடை, தவணையில் விற்றுப் பெயர் பெற்றவர்களிடம் வந்தது. முதலாளியின் நாடும் மொழியும் மாறின. விற்கும் முறை மாறியது. மேசைக்குப் பின்னால் நிற்பது மட்டும் கடைக்குக் கடை கை மாறி எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்தது.

எங்கள் பழைய கடை மூடிய பிறகு அக்காவைத் தேடிப் போனேன். அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகப் புடைத்து முறுக்கிக்கொண்டிருந்தன. முப்பது வருடம் வேலை பார்த்ததற்கு அவளிடம் ஒரு காகிதம் இல்லை. வருங்கால வைப்பு நிதி பிடித்தார்களா என்று கேட்டேன். "பிடிச்சாவளா இல்லையான்னு யாருட்ட போய்க் கேக்கச் சொல்லுத?" என்றாள். முதலாளி குடும்பத்துக்குக் கட்டடம் மிஞ்சியது. அதில் இப்போது வேறு யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். அவளுக்கு மிஞ்சியது, கடைசி நாளில் எல்லோருக்கும் கொடுத்த ஒரு சேலை.

இப்போது அவள் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பருப்பு எடை போட்டுப் பொட்டலம் கட்டுகிறாள். போன மாதம் நான் போனபோது அவள் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. சட்டம் வந்துவிட்டதே என்று எனக்கு ஒரு கணம் மகிழ்ச்சி. ஸ்டூலின் மேல் உளுந்து மூட்டை இருந்தது. "அதிகாரி வந்தா எறக்கி வச்சிருவோம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

என் வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும் மாணவிகள் சிலர் இருக்கிறார்கள். 22-ஏ பிரிவைத் தமிழில் எழுதி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள எல்லாத் தொழிலாளர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ளது. ஒருத்தி படித்துவிட்டு, "இத நாங்க காட்டுனா வேல இருக்குமா மேடம்?" என்று கேட்டாள். தனியாகக் காட்டினால் இருக்காது. கோழிக்கோட்டுப் பெண்களும் தனியாகக் காட்டவில்லை. இதைச் சொன்னேன். அவள் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

ஸ்பென்சரின் வரலாறு புத்தகமாக இருக்கிறது. அக்காவின் வரலாற்றை நான் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். எந்த வருடம் எந்தப் பிரிவு, என்ன சம்பளம், எத்தனை பிடித்தம், எந்தத் தீபாவளிக்கு எத்தனை மணிவரை. அவளுக்கு நாட்கள் தெளிவாக நினைவிருக்கின்றன. பேசும்போது அவளை நாற்காலியில் உட்காரச் சொல்வேன். கால் நீட்ட வேண்டும் என்று தரையில் உட்கார்ந்துகொள்வாள். நானும் இறங்கி உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் பெயரை இந்தக் கட்டுரையில் போட ஆசைப்பட்டேன். வேண்டாம் என்றாள். அவள் இன்னும் வேலையில் இருக்கிறாள்.