தோட்டத் தொழிலாளரின் ஊன மதிப்பீடும் பணி நீக்கமும்: கெடா

மலேசியாவின் கெடா மாநில ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் அடிபட்டோ நோயுற்றோ வேலை செய்ய முடியாமல் போகும் தொழிலாளியின் ஊனத்தை அளந்து உதவித்தொகை வழங்குவது சமூகப் பாதுகாப்பு நிறுவனம். பேச்சு வழக்கில் சொக்சோ. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971இல் இது செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்பு 1952ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டப்படி முதலாளி ஒரே தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார். புதிய சட்டம் சந்தா நிதியிலிருந்து ஆயுள் முழுதும் ஓய்வூதியம் பெற வழி செய்தது. அதற்கு ஒரு விலையும் உண்டு: நிறுவனம் காப்பு அளிக்கும் காயத்திற்காக முதலாளி மீது நட்டஈட்டு வழக்குப் போடும் உரிமையை 31ஆம் பிரிவு எடுத்துவிடுகிறது. ஆகவே மதிப்பீடு பிசகினால் தொழிலாளிக்கு மாற்று வழி குறைவு.

காப்பு இரு வகைப்படும். வேலையிடக் காயத்துக்கான சந்தாவை முதலாளி மட்டும் கட்டுகிறார். வேலையோடு தொடர்பில்லாத நோயால் உழைப்புத் திறனை இழப்பவருக்கான இயலாமைத் திட்டத்துக்கு முதலாளியும் தொழிலாளியும் கட்டுகிறார்கள். இரண்டுக்கும் நிபந்தனைகள் வேறு, அளக்கும் முறையும் வேறு.

வேலையிடக் காயத்தில் முதல் படி நடப்பது தோட்டத்திலேயே. செம்பனைக் குலை அறுக்கும்போது கண்ணில் தூசியோ முள்ளோ விழலாம். விழும் மட்டை தோளை முறிக்கலாம். பால்மரம் சீவப் போகும் இருட்டில் பாம்பு தீண்டலாம். முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தோட்ட மருந்தகத்தின் பதிவும் அரசு மருத்துவமனையின் முதல் குறிப்பும் பின்னாளில் முக்கியச் சான்றாகும். மருந்து தடவிக்கொண்டு மறுநாள் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) வந்து நின்றவருக்கு, ஆறு மாதம் கழித்து வலி முற்றும்போது, அது வேலையில் பட்ட அடிதான் என்று நிறுவுவது பெரும்பாடு.

வேலைக்குப் போகும் வழியும் வரும் வழியும் காப்புக்குள் அடங்கும். லயங்களை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டுச் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் போன்ற ஊர்களின் குடியிருப்புகளுக்கு மாறி, மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போய்வருவோருக்கு இது முக்கியம். சொந்த வேலையாக வழி மாறிப் போனால் காப்பு இல்லை.

மருத்துவ விடுப்பு குறைந்தது நான்கு நாள் இருந்தால், அக்காலத்துக்குச் சராசரி தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். விடுப்பு முடிந்த பின்னும் குறை தங்கிவிட்டால், தொழிலாளி நிரந்தர ஊனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கான கெடு 12 மாதம். விண்ணப்பித்தவரை மருத்துவக் குழு நேரில் பார்த்து விழுக்காடு குறிக்கிறது. உறுப்பிழப்புக்குச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அளவு தருகிறது: பெருவிரல் முழுதும் போனால் 30, சுட்டுவிரல் முழுதும் போனால் 14, மற்றக் கண் நன்றாயிருக்க ஒரு கண் போனால் 40.

சராசரி தினக்கூலி 50 ரிங்கிட் என்று கணக்காகும் ஒருவர் பெருவிரலை இழந்தால், நிரந்தர ஊனத்துக்குக் கணக்கிடும் அளவான 50இன் 90 விழுக்காட்டில், அதாவது 45 ரிங்கிட்டில், 30 விழுக்காடு, அதாவது நாளுக்கு 13.50 ரிங்கிட் வரும். அதில் ஐந்தில் ஒரு பங்கை மொத்தத் தொகையாக மாற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் மீதி நாளுக்கு 10.80 ரிங்கிட், மாதம் சுமார் 324 ரிங்கிட், ஆயுள் முழுதும் தொடரும். வேறு வேலைக்குப் போனாலும் இது நிற்காது. மதிப்பீடு 20 விழுக்காடோ அதற்குக் கீழோ இருந்தால் முழுவதையும் மொத்தமாகவே வாங்கலாம். கடன் உள்ள குடும்பத்துக்கு அது ஈர்ப்பாகத் தெரியும்; ஆனால் மாதப் பணம் அதோடு நின்றுவிடும்.

அட்டவணை அளப்பது உடலின் இழப்பை மட்டுமே. எழுத்தரின் சுட்டுவிரலுக்கும் பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்கும் சுட்டுவிரலுக்கும் அதே 14தான். பிடி தளர்ந்த சீவுநருக்குத் தொழிலே போய்விடும் என்பது அந்த எண்ணில் தெரிவதில்லை. இம்முறையின் பெருங்குறை இதுவே.

முடிவை ஏற்காதவர் 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்குப் போகலாம். சந்தா, தகுதி போன்ற தகராறுகளை விசாரிப்பது சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம். அங்கிருந்து சட்டக் கேள்வி இருந்தால் உயர்நீதிமன்றம். தோட்டத்தில் இவ்வழியில் துணை நிற்க வேண்டியது தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம்.

தொழில்நோய் தனிச் சிக்கல். வெட்டுக்காயம் கண்ணுக்குத் தெரியும். மருந்து தெளிக்கும் பெண்ணின் தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் பல ஆண்டுகளில் சேர்பவை. பாராகுவாட் களைக்கொல்லியை மலேசியா 2020 தொடக்கத்தில் தடை செய்தது. அதற்கு முன் அதைக் கையாண்டவர்கள், எந்த மருந்து, எத்தனை ஆண்டு என்ற பதிவு இன்றி, தொழில்நோயை மதிப்பிடும் சிறப்பு மருத்துவக் குழுவின் முன் நிற்பது கடினம்.

இயலாமைத் திட்டத்தில் கேள்வியே வேறு. நோய் நிரந்தரமா? நல்ல உடல் உள்ளவர் ஈட்டுவதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இவரால் ஈட்ட முடியாதா? சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், இருதயநோய் ஆகியவை இங்கே வரும். முழு ஓய்வூதியத் தகுதி பெற ஒரு வழி, விண்ணப்பத்துக்கு முந்திய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதச் சந்தா கட்டியிருப்பது. கிடைப்பது சராசரி மாதச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு. நடுவே சந்தா விடுபட்ட ஒப்பந்தத் தொழிலாளிகள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஒப்பந்தக்காரர் கட்டாமல் விட்டாலும் தலைமை முதலாளிக்கும் சட்டப் பொறுப்பு உண்டு.

சொக்சோவின் மதிப்பீடும் தோட்ட நிர்வாகத்தின் பணி நீக்கமும் தனித்தனி முடிவுகள். உடல் தகுதியில்லை என்று நிர்வாகம் நிறுத்தினால், 1980ஆம் ஆண்டின் பணிமுடிப்பு விதிகளின்படி, ஐந்தாண்டோ அதற்கு மேலோ பணி செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி சேர வேண்டும். தானாக விலகுவதாகக் கையெழுத்திட்டால் அது இல்லை. கிராணி (தோட்ட எழுத்தர்) நீட்டும் தாளைப் படிக்காமல் ஒப்பமிடக் கூடாது என்பது இதனால்தான். ஊழியர் சேமநிதியிலிருந்து இயலாமையைக் காட்டி முழுச் சேமிப்பையும் எடுக்கலாம். தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. கூலி நின்ற கையோடு வாடகைக் கவலையும் தொடங்கும். திரும்பவும் வேலைக்குத் தகுதிபெற விரும்புவோருக்கு மலாக்காவில் நிறுவனத்தின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது.

இன்று கெடாவின் தோட்டங்களில் வேலை செய்வோரில் வெளிநாட்டவர் பலர். 1993 முதல் 1952ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் இருந்த அவர்கள், 2019 ஜனவரியில் சொக்சோவின் வேலையிடக் காயத் திட்டத்துக்கும் 2024 ஜூலையில் இயலாமைத் திட்டத்துக்கும் கொண்டுவரப்பட்டனர்.