அபாதான் கரையில் நம் சிப்பாய்

பத்தாம் வகுப்பிலே பாரசீக வளைகுடாவின் படத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "ஐயா, இத்தனை சிறிய கடலைச் சுற்றி ஏன் இத்தனை போர்க்கப்பல்கள்?" என்று கேட்டான் ஒருவன். "எண்ணெய்" என்றேன். மணி அடித்துவிட்டது. ஒரு சொல்லில் முடித்துவிட்டோமே என்ற உறுத்தல் இரவெல்லாம் போகவில்லை. அவனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான், தோழர்களே, இங்கே எழுதுகிறேன்.

1901ஆம் ஆண்டு. ஈரானை ஆண்டவர் முசாபருத்தீன் ஷா. கருவூலமோ காலி, கடனோ கழுத்துமட்டும். தார்சி எனும் ஆங்கிலச் செல்வர் ஆளை அனுப்பினார். கையிலே 20,000 பவுன், அதே மதிப்புக்குப் பங்குகள், இலாபத்தில் நூற்றுக்குப் பதினாறு. இவ்வளவுதான் விலை! இதற்கு ஈடாக, வடபுலத்து ஐந்து மாகாணங்கள் நீங்கலாக நாடு முழுவதிலும் எண்ணெய் எடுக்க 60 ஆண்டு உரிமை! மன்னன் கையெழுத்திட்டான், மக்களைக் கேட்டவர் யார்?

1908இல் எண்ணெய் பீறிட்டது. அடுத்த ஆண்டே ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி பிறந்தது. நிலக்கரியில் ஓடிய கடற்படையை எண்ணெய்க்கு மாற்ற விரும்பிய சர்ச்சில், 1914இல் அக்கம்பெனியின் பெரும்பங்கைப் பிரிட்டிஷ் அரசே வாங்கும்படி செய்தார். கம்பெனியே அரசு, அரசே கம்பெனி! நமக்குப் பழக்கமான கதைதானே? ஒரு கம்பெனி நம்மை ஆண்ட கதையைத் தாத்தாவிடம் கேட்டவர்கள்தாமே நாம்!

அவ்வாண்டு நவம்பரில், துருக்கியோடு போர் மூண்டதும், வளைகுடாவின் தலைமாட்டில், பாவோ கரையில் ஒரு படை இறங்கிற்று. காரணங்கள் பல, அபாதானில் நின்ற எண்ணெய் ஆலையைக் காப்பது அவற்றுள் ஒன்று. இறங்கியவர்களிற் பெரும்பாலோர் யார்? இலண்டன் மாநகரத்துச் சீமான் பிள்ளைகளா? இல்லை! இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட சிப்பாய்கள்! எண்ணெய் எவருடையது என்பதையும் அறியான். எவருக்கு என்பதையும் அறியான். சுடு என்றால் சுட்டான், சாவு வந்தால் செத்தான்.

1941 ஆகஸ்டில் மீண்டும் அதே கரை, மீண்டும் இந்தியத் துருப்புகள்! ஈரான் நடுநிலை நாடு. நாஜிப் பேராபத்து பொய்யென்று நான் சொல்லமாட்டேன். சோவியத்துக்குத் தளவாடம் அனுப்ப வழியும் தேவைப்பட்டது. ஆயினும் தெற்கிலிருந்து ஆங்கிலேயரும் வடக்கிலிருந்து சோவியத் படையும் புகுந்து, ரேசா ஷாவை அரியணையிலிருந்து இறக்கி, மகனை ஏற்றியபோது, அந்நாட்டு மக்களின் இசைவு ஒரு செல்லாக் காசாகக்கூட மதிக்கப்படவில்லை.

அபாதான் ஆலை உலகிலேயே மிகப் பெரிதாக வளர்ந்தது. வெள்ளை அதிகாரிக்குப் புல்வெளி, நீச்சற்குளம், மனமகிழ் மன்றம். ஈரானியத் தொழிலாளியின் குடிசைப் பகுதிக்கோ 'காகிதபாத்' என்று பெயர். காகித நகரம்! தொட்டால் கிழியும் வாழ்வுக்கு ஏற்ற பெயர்தான்.

1951இல் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது ஈரான் நாடாளுமன்றம். முதுபெரும் தலைவர் மொசாதெக் பிரதமரானார். பறித்துக்கொண்டு விரட்டினாரா? இல்லை, வருவாயில் நாலிலொரு பங்குவரை நட்டஈட்டுக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கச் சட்டமே வழி செய்தது. பிரிட்டனோ போர்க்கப்பலை அபாதானுக்கெதிரே நிறுத்தியது! அன்று அங்கே ஆண்டது எது? தொழிற்கட்சி! தன் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களை 1947இல் நாட்டுடைமையாக்கிய அதே அட்லி அரசு! இலண்டனில் சமதர்மம், அபாதானில் பீரங்கியா?

ட்ரூமன் துணை நிற்க மறுத்ததால் பீரங்கி வெடிக்கவில்லை. எண்ணெயை வாங்கவொட்டாமல் மறித்தார்கள். அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றது அது, 1952 ஜூலையில். சட்டம் கைகொடுக்காதபோது சதி கைகொடுத்தது. சர்ச்சில் திரும்பி வந்திருந்தார். அமெரிக்காவில் ஐசனோவர் வந்தார். கம்யூனிச பூச்சாண்டி காட்டப்பட்டது. 1953 ஆகஸ்டில், இரு நாட்டு உளவுத்துறைகளும் பணத்தை இறைத்து, கூலிக் கும்பலையும் படையதிகாரிகளையும் ஏவி, மொசாதெக்கைக் கவிழ்த்தன. ஓடிப்போயிருந்த ஷா ரோமிலிருந்து திரும்பினார். மறு ஆண்டு புதிய ஒப்பந்தம்: பழைய கம்பெனிக்கு 40 பங்கு, அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 பங்கு, எஞ்சிய 20 டச்சு-ஆங்கிலக் கூட்டான ஷெல்லுக்கும் பிரெஞ்சுக் கம்பெனிக்கும். ஜனநாயகத்தைக் காத்த கூலி!

வாக்குச்சீட்டால் வந்த அரசைக் கவிழ்த்தவர்கள் அம்மக்களுக்கு அளித்தது, 1957இல் அமைந்த சாவக் எனும் இரகசியப் போலீசை. 1979இல் எழுந்த வெள்ளம் ஷாவை அடித்துச் சென்றது. ஆட்சி மதகுருமார் கைக்குப் போயிற்று. பகுத்தறிவாளர் நாம் அதனைக் கண்டு முகஞ்சுளிக்கிறோம், சுளிக்கத்தான் வேண்டும். முகஞ்சுளிக்கும்போதே 1953ஐயும் எண்ணிப் பாருங்கள்.

தம் கைவேலை என்று அமெரிக்க உளவுத்துறையின் ஆவணங்களே ஒப்புக்கொண்டு வெளிவந்தது 2013இல். அதைக் கேட்க மொசாதெக் இல்லை. மூன்றாண்டுச் சிறைக்குப்பின் அகமதாபாத் சிற்றூரில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டு, 1967 மார்ச்சில் மறைந்தார் அவர். 1952 ஜூலையில் தமக்காகத் தெருவில் இறங்கிக் குண்டடிபட்டு மாண்டவர்களின் அருகே புதைக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். ஷா இசையவில்லை. அந்த வீட்டிலேயே, உணவருந்தும் அறையின் தரைக்குக் கீழே புதைத்தார்கள்.