52 அடிக்குக் கீழே யாருடைய நிலம்?

கிருஷ்ணகிரி அணை நிறைந்தால் 52 அடி. 2017 நவம்பரில் மதகு உடைந்து தண்ணீர் இறங்கியபோது எல்லோரும் அடிக்கணக்கைத்தான் பார்த்தோம். கரையோரப் பட்டாதாரருக்கு அது பயிர்க்கணக்கு. பட்டாவே இல்லாதவருக்கு?

1950களில் தென்பெண்ணையின் குறுக்கே இந்த அணை எழுந்தபோது, நிலம் எடுப்பதற்கு இருந்தது 1894ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்தில் உரிமை காட்ட முடிந்தவருக்கே இழப்பீடு. அங்கே கூலிக்கு நாற்று நட்டவர், களை பறித்தவர் கணக்கிலேயே இல்லை. யாரிடம் பட்டா இருந்தது என்பதைப் பெரும்பாலும் சாதிதான் தீர்மானித்தது. (1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலமே கைமாறிப்போன மாகாணம் இது.) விவசாயக் கூலிக் குடும்பத்தையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஏற்றது 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதிலும் மூன்றாண்டு அங்கே வேலை செய்திருக்க வேண்டும்.

இன்று ஓசூர் கம்பெனி வாசலில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்கும் தோழர்களே, உங்கள் பாட்டிகளிடம் கேளுங்கள்: அணை வருவதற்கு முன் யார் வயலில் வேலை செய்தார்கள்? தண்ணீர் ஏறியதும் எங்கே போனார்கள்?