ஞாயிறு பசியாறலுக்குப் பழப் பூரணப் பேஸ்ட்ரி: வீட்டிலேயே எளிதாகச் செய்யலாம்

ஞாயிற்றுக்கிழமைகளில் பல வீடுகளில் பசியாறல் பத்து மணிக்கு மேல்தான் நடக்கிறது. வாரம் முழுவதும் விடியற்காலையில் எழுந்து வேலைக்கும் பள்ளிக்கும் ஓடியவர்கள் அன்று சற்றுத் தாமதமாக எழுகிறார்கள். பசியாறலும் மதிய உணவும் ஒன்றாகிவிடும் அந்த நேரத்தில், தோசை, நாசி லெமாக்குடன் தேநீருக்குப் பக்கத்தில் வைக்க ஏற்ற பலகாரம் பழம் வைத்த பேஸ்ட்ரி.

கடையில்தான் கிடைக்கும், வீட்டில் வராது என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் சோமாசு மடிக்கத் தெரிந்தவருக்கு இது புதிய வேலையே இல்லை. மாவுக்குள் பூரணம் வைத்து, ஓரத்தை அழுத்தி மூடுவது நம் சமையலறைக்குப் பழகிய வேலைதான்.

மாவு ஏன் உப்புகிறது?

பஃப் பேஸ்ட்ரி என்பது மாவும் கொழுப்பும் மாறி மாறி மெல்லிய அடுக்குகளாக மடிக்கப்பட்டது. சூடான ஓவனுக்குள் போனதும் மாவிலும் பட்டரிலும் உள்ள நீர் ஆவியாகி, அடுக்குகளை மேலே தள்ளுகிறது. கொழுப்பு உருகி மாவோடு முன்பே கலந்துவிட்டால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும்; பேஸ்ட்ரி பிஸ்கட்டைப் போலத் தட்டையாகிவிடும்.

நம் நாட்டில் மதிய வேளையில் சமையலறை வெப்பம் எளிதாக 30 பாகையைத் தாண்டும். பட்டர் அதற்கு முன்பே இளகத் தொடங்கும். ஆகவே காலையிலேயே மடித்துவிடுவது நல்லது. அடுக்கு மாவை வீட்டில் தயாரிக்க அரை நாள் ஆகும் என்பதால், பேரங்காடிகளில் உறைநிலையில் விற்கப்படும் சதுரத் துண்டுகளை வாங்கிக்கொள்வதே எளிது.

வாங்கும்போது பொட்டலத்தில் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். சிலவற்றில் பட்டர், சிலவற்றில் தாவர மார்ஜரின் இருக்கும். மாட்டுக் கொழுப்பையும் முட்டையையும் தவிர்க்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அன்னாசிப் பூரணம்

மலாயில் ‘நனாஸ்’, தமிழில் ‘அன்னாசி’. இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றுதான். தென் அமெரிக்கப் பழங்குடியினரின் சொல் போர்த்துக்கீசியர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் ரப்பர் கன்றுகள் பால் தரும்வரை இடைப்பயிராக அன்னாசி நட்ட காலம் உண்டு. நம் நாட்டு அன்னாசியில் பெரும்பகுதி இன்றும் ஜொகூரிலிருந்தே வருகிறது.

10 பேஸ்ட்ரிகளுக்குத் தேவையானவை:

தோல், கண், நடுத்தண்டு நீக்கிய அன்னாசி – 500 கிராம்
சீனி – 80 கிராம்
பட்டை – ஒரு சிறு துண்டு
கிராம்பு – 2
எலுமிச்சைச் சாறு – 1 தேக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

பழத்தைத் துருவி, வடிகட்டியில் போட்டு 10 நிமிடம் விடுங்கள். வடிந்த சாற்றைக் கொட்ட வேண்டாம். ஐஸ் போட்டுக் குடிக்கலாம். பழத்தை அடி கனமான சட்டியில் பட்டை, கிராம்போடு மிதமான தீயில் வேகவிடுங்கள். நீர் பாதியாக வற்றியபிறகு சீனி, உப்பு சேருங்கள். தொடக்கத்திலேயே சீனி போட்டால் அடிபிடிக்கும் வாய்ப்பு அதிகம்.

மொத்தம் 25 முதல் 30 நிமிடம் ஆகலாம். கரண்டியால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் வற்ற வேண்டும். அப்படியே நின்றால் பூரணம் தயார். எலுமிச்சைச் சாறு சேர்த்து இறக்கி, பட்டை, கிராம்பை எடுத்துவிட்டு, முழுவதும் ஆறவிடுங்கள்.

நான் முதன்முறை செய்தபோது பொறுமையில்லாமல் சூடான பூரணத்தை வைத்து மடித்தேன். பத்தும் அடியில் கூழாகிவிட்டன. அதனால் இப்போது பூரணத்தைச் சனிக்கிழமை இரவே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன்.

வேறு பழங்கள்

வாழைப்பழம்: ராஸ்தாலி அல்லது பேராங்கான் 3 பழங்களைச் சிறிதாக நறுக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி துருவிய குலா மலாக்கா, ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, சிறிது ஏலக்காய்த் தூள் சேர்த்துக் கொஞ்சம் நெய்யில் 3 நிமிடம் வதக்கினால் போதும்.

மாம்பழம்: அதிகம் கனியாத, கெட்டியான பழம் தேவை. ஒரு பழத்துக்கு ஒரு மேசைக்கரண்டி சீனியும் ஒரு தேக்கரண்டி சோளமாவும் கலந்து, கெட்டியாகும்வரை கிளறுங்கள். சோளமாவு பழச்சாற்றைப் பிடித்துக்கொள்ளும்.

பலா: சுளையைப் பொடியாக நறுக்கி, அன்னாசியைப் போலவே வற்றவிடலாம். சீனி பாதி போதும்.

தர்பூசணி போன்ற நீர் மிகுந்த பழங்கள் இதற்கு ஒத்துவராது.

மடித்துச் சுடும் முறை

1. உறைந்த மாவுத் துண்டுகளை வெளியே எடுத்து ஏறக்குறைய 10 நிமிடம் வையுங்கள். வளைத்தால் உடையக்கூடாது, ஆனால் தொட்டால் குளிர்ச்சி இருக்க வேண்டும்.

2. ஓவனை 200 பாகை செல்சியஸில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள்.

3. நடுவில் ஒரு மேசைக்கரண்டி பூரணம் வையுங்கள். ஆசைக்குக் கூடுதலாக வைத்தால் ஓரம் பிளந்து தட்டில் வழியும்.

4. ஓரங்களில் விரலால் தண்ணீர் தடவி, முக்கோணமாக மடித்து, முள்கரண்டியால் அழுத்துங்கள். மேலே கத்தியால் இரண்டு சிறு கீறல் போடுங்கள். ஆவி வெளியேற வழி வேண்டும்.

5. மடித்தவற்றைத் தட்டோடு 15 நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இளகிய கொழுப்பு மீண்டும் இறுகும்.

6. மேற்பரப்பில் முட்டை மஞ்சள் கருவுடன் சிறிது பால் கலந்து தடவுங்கள். சைவ வீடுகளில் பால் மட்டும் போதும். நிறம் சற்றுக் குறையும், சுவை குறையாது. வெட்டிய ஓரத்தில் வழியவிடாதீர்கள், அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும்.

7. 18 முதல் 22 நிமிடம் சுடுங்கள். முதல் 12 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். மேலே பொன்னிறமானால் மட்டும் போதாது. ஒன்றைத் தூக்கி அடியும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏர் ஃபிரையரில் 180 பாகையில் 10 முதல் 12 நிமிடம் போதும். நான்கு நான்காக, இடைவெளி விட்டு வையுங்கள்.

ஓவன் இல்லாத வீடுகளுக்கு

ஓவனுக்காக யாரும் கடன் வாங்க வேண்டாம். பஃப் பேஸ்ட்ரி மாவு வாணலியில் சரியாக வராது. ஆனால் உறைந்த பரோட்டா வரும். ஒரு பரோட்டாவை லேசாக இளகவிட்டு, பாதியில் வாழைப்பழப் பூரணம் வைத்து, மறுபாதியால் மூடி, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்துங்கள். தோசைக்கல்லில் சிறு தீயில் ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 5 நிமிடம் சுடுங்கள். முதல் பக்கம் வேகும்போது மூடி போடுங்கள். திருப்பியபின் எடுத்துவிடுங்கள், மொறுமொறுப்பு வரும்.

வீட்டில் நீரிழிவு இருந்தால்

சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். கடையில் வாங்கும் பேஸ்ட்ரியில் எவ்வளவு சீனி போயிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. வீட்டில் செய்தால் தெரியும். நான் இதைக் கற்றுக்கொள்ள அதுதான் காரணம்.

மேலே சொன்ன அளவில் ஒரு பேஸ்ட்ரிக்கு 8 கிராம் சீனி, அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி சேர்கிறது. பழம் நன்றாகக் கனிந்திருந்தால் 10-க்கு 50 கிராமே போதும். ஒன்றுக்கு 5 கிராம்தான். ஆனாலும் இது மருந்துணவு அல்ல. பழத்தின் இனிப்பும் வெள்ளை மாவும் கொழுப்பும் இருக்கவே செய்கின்றன. அம்மா பாதியை எடுத்துக்கொள்வார். அன்று தேநீரில் சீனி இல்லை. உங்கள் வீட்டாருக்கு எவ்வளவு ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேமிப்பும் எச்சரிக்கையும்

சீனி குறைந்தால் பூரணம் கெடாமல் இருக்கும் காலமும் குறையும். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். சுட்ட பேஸ்ட்ரியை அன்றே சாப்பிடுவது சிறப்பு. மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். சாப்பிடும் முன் 160 பாகையில் 5 நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பும்.

சுடாமல் மடித்தவற்றை உறையவைத்து ஒரு மாதம்வரை வைத்திருக்கலாம். திடீரென விருந்தினர் வந்தால் உறைந்தபடியே ஓவனில் வைத்து, கூடுதலாக 5 நிமிடம் கொடுங்கள். முழுவதும் இளகிய மாவை மட்டும் மீண்டும் உறையவைக்காதீர்கள்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்றை மறக்க வேண்டாம். மேல்பகுதி ஆறியிருந்தாலும் உள்ளே சீனிப் பூரணம் கொதித்துக்கொண்டிருக்கும், நாக்கு வெந்துவிடும். ஓவனிலிருந்து எடுத்தபின் 15 நிமிடம் கழித்தே பரிமாறுங்கள். அதற்குள் தேநீர் கலந்து, எல்லாரையும் மேசைக்கு அழைத்துவிடலாம்.